மேல்முறையீடு செய்துவிட்டால் மட்டும் தீர்ப்பு நிற்காது: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அனுபவம்

உரிமையியல் வழக்கில் தோற்றவர் மேல்முறையீடு செய்துவிட்டாலே கீழ்நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நின்றுவிடும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேளாந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், நீதிமன்றக் காகிதங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வர, வீட்டில் பேச்செல்லாம் தமிழாக இருக்கிற குடும்பங்களில், இந்த நம்பிக்கை நிலத்தையும் கடையையும் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பம் இதைத் தோற்றவர் பக்கத்திலிருந்தும் வென்றவர் பக்கத்திலிருந்தும் அனுபவித்தது. தமிழ்வழி வகுப்பு நடத்தும் ஆசிரியையாக இருந்தாலும் மலையாளம் சரளமாகப் படிக்கத் தெரியும் என்பதால் இரண்டு வழக்குகளின் காகிதங்களும் என் பொறுப்பில் இருந்தன. அதனால்தான் இதை விரிவாக எழுத முடிகிறது.

அண்ணன் தேங்காய் வியாபாரம் செய்கிறார். தோட்டங்களில் காய் எடுத்துக் கொப்பரைக் களங்களுக்கு அனுப்புவதில், முன்பணம் கொடுத்த ஒரு வியாபாரிக்கும் அவருக்கும் கணக்கில் தகராறு வந்து, அது பண வழக்காகி, கடைசியில் 7,80,000 ரூபாயும் அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் செலவுத்தொகையும் அண்ணன் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாணை (தீர்ப்பின்படி யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிக்ரி) வந்தது. கணக்கு நோட்டுகளில் வரவு வைக்கப்பட்ட சில லோடுகளை விசாரணை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதே எங்கள் குறை. மேல்முறையீட்டுக்கு நல்ல காரணங்கள் இருந்தன. ஆனால் நல்ல காரணங்கள் இருப்பது வேறு, மேல்முறையீடு முடியும்வரை எதிர்த்தரப்பு வசூலில் இறங்காமல் இருப்பது வேறு. எங்கள் வக்கீல் முதல் நாளே அண்ணனிடம், “ஏனுங்ணா, அப்பீல் போட்டாப் போதும்னு இருந்துராதீங்க. ஈ.பி. அது பாட்டுக்கு நடக்குமுங்க” என்று சொன்னார். ஈ.பி. என்றால் நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பாணையைச் செயல்படுத்தித் தரும்படி வென்றவர் கேட்கும் மனு.

அவர் சொன்னதற்கு அடிப்படை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பில், கட்டளை 41, விதி 5இல் இருக்கிறது. மேல்முறையீடு தாக்கல் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பாணையின் கீழான நடவடிக்கைகள் நிற்காது. போதிய காரணம் இருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கலாம் என்பதே அதன் முதல் உட்பிரிவு. வென்றவர் தீர்ப்புக்கு மறுநாளே நிறைவேற்று மனு போடலாம். தீர்ப்புக் கடனாளியின், அதாவது தோற்றுப் பணம் கொடுக்க வேண்டியவரின், நிலத்தை ஜப்தி செய்யலாம். வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்தைப் பிடித்துவைக்கக் கேட்கலாம். அசையாச் சொத்தின் ஜப்தி அறிவிப்பைத் தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அந்த இடத்திலேயே தெரியப்படுத்த வேண்டும் என்பது சட்டம். தோட்டத்து வாசலில் அப்படி ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டால் கிராமத்தில் கடன் கொடுப்பவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதை இங்கே பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காலக் கணக்கு மிக முக்கியம். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். உயர் நீதிமன்றத்தில் என்றால் 90 நாள். தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகலைப் பெறுவதற்கு ஆன காலம் இதிலிருந்து கழிக்கப்படும், ஆனால் நகல் மனுவைத் தாமதமாகக் கொடுத்தால் அந்தத் தாமதம் கழியாது. ஆகையால் தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே நகல் மனு கொடுப்பது நல்லது. பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. மேல்முறையீட்டுக்கான காலம் முடிவதற்குள், தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்திடமே விண்ணப்பித்து, மேல்முறையீடு செய்வதற்கு அவகாசமாகச் சிறிது காலம் நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கக் கேட்கலாம். விதி 5இன் இரண்டாம் உட்பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம். அந்தக் குறுகிய நிம்மதியில்தான் மேல்முறையீட்டு மனுவைப் பதறாமல் எழுத முடிந்தது.

காலம் கடந்து மேல்முறையீடு செய்பவர்களுக்குச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கும் மனுவோடு தாக்கலாகும் மேல்முறையீட்டில், அந்த மேல்முறையீட்டை விசாரிப்பது என்று விதி 11இன் கீழ் கேட்டு முடிவு செய்யும்வரை நிறைவேற்றத்துக்குத் தடை கொடுக்கக் கூடாது என்று விதி 3-ஏ சொல்கிறது. ஒரு மாதம் ஆறப்போட்டவர் அதற்குள் நிலம் ஏலத்துக்குப் போய்விட்டதே என்று அழுதால், சட்டம் அவருக்கு உடனே உதவாது.

தடை கொடுப்பதற்கு முன் நீதிமன்றம் மூன்று விஷயங்களில் திருப்தி அடைய வேண்டும்: தடை கொடுக்காவிட்டால் கேட்பவருக்குக் கணிசமான இழப்பு ஏற்படக்கூடும், விண்ணப்பம் நியாயமற்ற தாமதமின்றிச் செய்யப்பட்டது, தீர்ப்பாணையைக் கடைசியில் நிறைவேற்றுவதற்கு விண்ணப்பதாரர் ஈடு (பணமாகவோ சொத்தாகவோ பிணையாகவோ ஓர் உத்தரவாதம்) கொடுத்திருக்கிறார். இவற்றில் இரண்டாவது எளிது, தேதிகளே பேசிவிடும். முதலாவதில்தான் பெரும்பாலான பிரமாணப் பத்திரங்கள் வலுவிழக்கின்றன.

“எனக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம் ஏற்படும்” என்ற ஒற்றை வரியை எல்லாருமே எழுதுகிறார்கள். பண வழக்கில் அந்த வரிக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. சிஹோர் நகர் பாலிகா வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பணத் தீர்ப்பாணையின் நிறைவேற்றம் சாதாரணமாக நிறுத்தப்படுவதில்லை, ஏனென்றால் பணம் கொடுப்பது மீளமுடியாத தீங்கு ஆகாது, மேல்முறையீட்டில் வென்றால் கொடுத்ததைத் திரும்பப் பெற வழி இருக்கிறது, இருந்தாலும் தகுந்த வழக்குகளில் நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. திரும்பப் பெறும் அந்த வழி சட்டத் தொகுப்பின் 144ஆம் பிரிவு. ஆகவே, பணம் கொடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்வதால் பயனில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வென்றாலும், திரும்பக் கிடைக்காது அல்லது அதற்குள் போனது போனதுதான் என்பதை நாம் காட்ட வேண்டும்.

எங்கள் பிரமாணப் பத்திரத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். அண்ணனின் வருமானம் முழுவதும் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் தோட்டத்தையும் அதை வைத்து நடக்கும் வியாபாரத்தையும் நம்பியிருக்கிறது என்பதற்கு, கிராம அலுவலகத்தில் நிலவரி கட்டிய ரசீது, கைவசச் சான்றிதழ், காய் விற்ற பில்கள் ஆகியவற்றை இணைத்தோம். தோட்டம் ஜப்தியாகி ஏலம் போனால் மேல்முறையீட்டில் வென்ற பிறகு பணம் வேண்டுமானால் வரும், ஏலத்தில் எடுத்த மூன்றாம் மனிதரிடமிருந்து அதே தோட்டம் திரும்பி வருவது அரிது என்பதைத் தனிப் பத்தியாக எழுதினோம். வங்கியில் ஏற்கெனவே பயிர்க்கடன் இருப்பதையும் மறைக்காமல் சொன்னோம். மறைத்திருந்தால் வில்லங்கச் சான்றிதழ் மூலம் எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டியிருக்கும், பிறகு நாங்கள் சொன்ன வேறு எதையும் நீதிபதி நம்பியிருக்க மாட்டார். தடை என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை சார்ந்த நிவாரணம். அதைக் கேட்கப் போகிறவர் தன் நிலைமையை முழுதாகத் திறந்துகாட்டுவதுதான் முறை என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

மூன்றாவதான ஈடு என்பதில்தான் எல்லையோரத்துக்காரர்களுக்கே உரிய சிக்கல்கள் வந்தன. பண வழக்குக்கு இங்கே இரட்டைக் கட்டாயம் உண்டு. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த கட்டளை 41, விதி 1, உட்பிரிவு 3இன்படி, பணத் தீர்ப்பாணைக்கு எதிராக மேல்முறையீடு செய்பவர், நீதிமன்றம் அனுமதிக்கும் காலத்துக்குள் தகராறிலுள்ள தொகையைக் கட்ட வேண்டும், அல்லது நீதிமன்றம் ஏற்கும் ஈட்டைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கட்டாதவருக்குத் தடை கொடுக்கக் கூடாது என்று விதி 5இன் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. கட்டாததால் மேல்முறையீடே தள்ளுபடியாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது சரியல்ல, தடைதான் கிடைக்காதே தவிர மேல்முறையீடு உயிரோடுதான் இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது.

அண்ணன் முதலில் நினைத்தது, பொள்ளாச்சி வட்டத்தில் இருக்கும் அப்பாவின் நிலத்தை ஈடாகக் கொடுத்துவிடலாம் என்று. அது பெரியப்பா மக்களோடு கூட்டுப் பட்டாவில் இருந்தது, பாகம் பிரியவில்லை. பாகம் பிரிந்திருந்தாலும்கூட, தமிழ்நாட்டில் இருக்கும் நிலத்தின் மீது பாலக்காட்டு நீதிமன்றம் நேரடியாக நிறைவேற்றம் நடத்த முடியாது. தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஆளின் மீதோ சொத்தின் மீதோ தீர்ப்பாணையை நிறைவேற்றும் அதிகாரம் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்துக்கு இல்லை என்று 39ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. தீர்ப்பாணையை அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். எனவே எதிர்த்தரப்பு, இது தங்களுக்கு எளிதில் கைக்கு எட்டாத ஈடு என்று வாதிட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வேளாந்தாவளம் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலமும் இந்தப் பக்கம் வழக்குமாக இருக்கிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்கள் ஈட்டை யோசிக்கும்போது வழக்கு நடக்கும் மாவட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஆவணங்களிலும் இரு மாநிலங்களுக்கும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் என்று இருப்பவை இங்கே தண்டப்பேர்க் கணக்கு, வரி ரசீது, கைவசச் சான்றிதழ் என்று இருக்கின்றன. அளவு கேரளத்தில் ஆர் என்ற அலகில் எழுதப்படுகிறது. ஓர் ஏக்கர் ஏறக்குறைய 40.47 ஆர். அண்ணனின் தோட்டம் வாய்வழக்கில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், ரசீதில் 97 ஆர் சில்லறை. பிரமாணப் பத்திரத்தில் ஒன்றும் இணைப்பில் ஒன்றுமாக இருந்தால் அலுவலகத்தில் குறை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. தமிழில் இருக்கும் எந்த ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருந்ததால் அதற்கான காலத்தையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்தோம்.

பயிர்க்கடன் இருந்ததால் அண்ணனின் தோட்டம் முழு ஈடாகப் போதவில்லை. அப்போது அண்ணியின் தம்பி, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவிலுள்ள தன் வீட்டுமனையைப் பிணையாகக் கொடுக்க முன்வந்தார். பாசத்தில் வந்த வார்த்தை. உடனே ஏற்றுக்கொள்ளும் ஆசையும் எங்களுக்கு இருந்தது. வக்கீல் அவரைத் தனியாக உட்காரவைத்து, 145ஆம் பிரிவின்படி பிணை நின்றவர் மீது தனி வழக்குப் போடாமலேயே, தீர்ப்பாணை அவருக்கு எதிராகவே வந்தது போல, அவர் ஏற்ற அளவுக்கு நிறைவேற்றம் நடத்தலாம் என்பதையும், மேல்முறையீடு முடிய ஆண்டுகள் ஆகலாம், அதுவரை அந்த மனையை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்பதையும் சொன்னார். அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடமும் மாமியாரிடமும் பேசிவிட்டு, பாதித் தொகைக்கு மட்டும் பிணை நிற்பதாக வந்து சொன்னார். அந்த எல்லையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதினோம். பிணை கேட்கும் எந்தக் குடும்பமும் கையெழுத்து வாங்குவதற்கு முன்பு இந்த உரையாடலை நடத்தியே ஆக வேண்டும். பிற்பாடு தெரியவந்தால் உறவே முறிந்துவிடும்.

மாவட்ட நீதிமன்றம் முதலில் இடைக்காலமாகத் தடை கொடுத்து, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பியது. இருதரப்பையும் கேட்ட பிறகு வந்த உத்தரவு இப்படி இருந்தது: அசலில் பாதியான 3,90,000 ரூபாயைக் குறித்த தேதிக்குள் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், மீதிக்குப் பிணை கொடுக்க வேண்டும், தவறினால் தடை தானாகவே நீங்கிவிடும். எங்கள் வக்கீல் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கேட்டிருந்தார். நீதிமன்றம் தொகையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதைக் கவனித்ததில் எனக்குப் புரிந்தது இது: தகராறே இல்லாத தொகை எவ்வளவு என்று நீதிபதி பார்க்கிறார். எங்கள் சொந்தக் கணக்குப்படியே ஒரு பகுதி பாக்கி இருந்தது. அதற்கும் தடை கேட்பது நியாயமாகத் தோன்றாது. ஆகவே “முழுத் தொகைக்கும் நிபந்தனையின்றித் தடை” என்று கேட்பதைவிட, நாங்கள் ஒப்புக்கொள்ளும் தொகை இவ்வளவு, தகராறுக்குரியது இவ்வளவு, இவ்வளவை இந்தத் தேதிக்குள் கட்ட முடியும் என்று நாமே ஒரு யோசனையை வைப்பது நல்லது. கட்ட முடியாத நிபந்தனையோடு கிடைக்கும் தடை ஒரு மாதத்துக்குத்தான் உதவும்.

பணம் திரட்ட அண்ணி நகையைச் சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் வைத்தார், அண்ணன் மினி லாரியை விற்றார். அப்படித் திரட்டிய பணம் நீதிமன்றக் கணக்கில் வட்டியில்லாமல் கிடக்கக் கூடாது என்பதற்காக, அதை அரசுடைமை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட உத்தரவிட வேண்டும் என்று தனியாக மனுப் போட்டோம். இதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. தடைக்காக நிபந்தனையின் பேரில் கட்டும் பணம், தீர்ப்புத் தொகையைச் செலுத்தியதாக ஆகாது. அது ஈடுதான், வென்றவருக்குச் சொந்தமாகிவிடவில்லை என்று ராமநாதன் செட்டியார் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் மேல்முறையீட்டில் தோற்றால், கட்டிவைத்த பணத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு வட்டி ஓடியிருக்கக்கூடும். 7,80,000 ரூபாய்க்கு 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 46,800 ரூபாய். வைப்புத் தொகையின் வட்டி அந்தச் சுமையில் ஒரு பகுதியையாவது தாங்கும். தடை கிடைத்த மகிழ்ச்சியில் இந்த மனுவைப் பலரும் போடுவதில்லை. வக்கீலிடம் கேட்டு வாங்க வேண்டிய காரியம் இது.

உத்தரவு வந்தவுடன் அதைக் கீழ்நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது நம் கையில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தடை, அது முதல் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்தே செயல்படும். முல்ராஜ் வழக்கில் 1967இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதே அடிப்படையில்தான்: தடை இருப்பது தெரியாமல் நிறைவேற்று நீதிமன்றம் நடத்திய நடவடிக்கை அதிகாரமில்லாத நடவடிக்கை ஆகிவிடாது. உத்தரவின் நகல் அலுவலக வழியில் போய்ச் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை. மேல்முறையீடு செய்தவர் தன் நேரடி அறிவின் அடிப்படையில் தடை கிடைத்ததாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், உத்தரவு வந்துசேரும்வரை கீழ்நீதிமன்றம் அதன்படி நடக்க வேண்டும் என்று விதி 5இன் விளக்கக் குறிப்பில் இருக்கிறது. மதியம் பாலக்காட்டில் உத்தரவு சொல்லப்பட்டது. மறுநாள் காலையில் கீழ்நீதிமன்றமான சித்தூர் நீதிமன்றத்தில் அண்ணனின் பிரமாணப் பத்திரம் இருந்தது. ஆமீன் (நீதிமன்ற உத்தரவை நேரில் நிறைவேற்றும் ஊழியர்) ஜப்திக்குக் கிளம்பும் நிலையில் இருந்த வாரம் அது.

பணம் கட்டிய செலானின் நகலோடு இரண்டு நீதிமன்றங்களிலும் மெமோ கொடுத்துவிட வேண்டும். குறித்த தேதிக்குள் கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்பு மனு போடுவதுதான் பாதுகாப்பு. தேதி முடிந்துபோனாலும் 148ஆம் பிரிவின் கீழ் மொத்தம் 30 நாள்வரை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தடை நீங்கிய அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஏலத்துக்கு உத்தரவே ஆகிவிட்டவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது: மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அசையாச் சொத்தை விற்க உத்தரவாகியிருந்தால், தீர்ப்புக் கடனாளி கேட்டால், ஈடு முதலிய நிபந்தனைகளோடு அந்த விற்பனையை நிறுத்திவைக்க வேண்டும் என்று கட்டளை 41, விதி 6இன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அங்கே “நிறுத்தலாம்” என்று இல்லை, “நிறுத்த வேண்டும்” என்றே இருக்கிறது; இந்த மனுவை ஏலத்துக்கு உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்கலாம்.

அத்தையின் வழக்கில் நாங்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றோம். அத்தைக்கு ஒரு கடைக் கட்டடம் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாத இடம் என்பதால் காலி செய்யச் சொல்லி சாதாரண உரிமையியல் வழக்குப் போட்டு வென்றார். மாதம் 4,500 ரூபாய் என்று வெகுகாலத்துக்கு முன் பேசிய வாடகை. வாடகைதாரர் மேல்முறையீடு செய்வார் என்பது தெரிந்ததால், தீர்ப்பு வந்த கையோடு 148-ஏ பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் கேவியட் (எங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவிட வேண்டாம் என்ற முன்மனு) தாக்கல் செய்து, அதன் அறிவிப்பை ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினோம். கேவியட் 90 நாளுக்குச் செல்லும். அந்தக் காலத்துக்குள் அவர் தடை கேட்டால் எங்களுக்கு அறிவிக்காமல் எதுவும் நடக்காது. கைம்பெண்ணான அத்தைக்கு இந்த ஒரு காகிதம் தந்த தைரியம் பெரிது.

வாடகைதாரர் தடை கேட்டபோது, அதை அடியோடு எதிர்ப்பதில் நாங்கள் நேரத்தைச் செலவிடவில்லை. கடையில் அவருக்கு வியாபாரம் நடக்கிறது, காலி செய்தால் இழப்பு வரும், நீதிமன்றம் தடை கொடுக்கும் என்பது தெரிந்ததுதான். எங்கள் முயற்சி முழுவதும் நிபந்தனையின் மீது இருந்தது. ஆத்மா ராம் ப்ராபர்டீஸ் எதிர் ஃபெடரல் மோட்டார்ஸ் வழக்கில் 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்கு அடிப்படையாக அமைந்தது: வெளியேற்றும் தீர்ப்பாணைக்குத் தடை கொடுக்கும்போது, தீர்ப்பாணைத் தேதியிலிருந்து கட்டட உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு நியாயமான தொகையைக் கட்டும்படி நிபந்தனை விதிக்கலாம், வேறொருவருக்கு விட்டிருந்தால் என்ன வாடகை கிடைத்திருக்குமோ அந்த அளவில் அது இருக்கலாம், பழைய ஒப்பந்த வாடகையோடு நீதிமன்றம் நின்றுவிட வேண்டியதில்லை. அதே தெருவில் அண்மையில் எழுதப்பட்ட வாடகை ஒப்பந்தங்களின் நகல்களைத் தாக்கல் செய்து மாதம் 12,000 கேட்டோம், 9,000 விதித்தார்கள். மாதத்தின் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் தடை நீங்கும், கடையை உள்வாடகைக்கு விடவோ இடித்து மாற்றவோ கூடாது என்ற உறுதிமொழியும் தர வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. இந்தக் கடைசி நிபந்தனையை நாங்கள் கேட்காமல் விட்டிருந்தால் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். தீர்ப்பு வந்த பிறகு புதிதாக ஓர் ஆளை உள்ளே உட்காரவைத்துவிட்டுப் போவது நடக்காத காரியம் அல்ல.

இரண்டு வழக்குகளையும் பார்த்த பிறகு தெரிந்தவர்கள் ஆலோசனைக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் தங்கள் சொந்த வழக்கு தள்ளுபடியானதற்கு “ஸ்டே” வாங்க வேண்டும் என்று வந்தார்கள். வழக்கு வெறுமனே தள்ளுபடியானால் அதில் நிறைவேற்ற எதுவும் இல்லை, ஆகையால் நிறுத்திவைக்கவும் எதுவும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது மேல்முறையீட்டில் கட்டளை 39இன் கீழ் இடைக்காலத் தடையுத்தரவு (எதிர்த்தரப்பு ஒன்றைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் இன்ஜங்ஷன்), அதற்கான கேள்விகளும் வேறு. இன்னும் சிலர், எந்தத் தடையும் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகிவிடும் என்று அஞ்சினார்கள். 2018இல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விசாரணைகளுக்கான தடைகள் பற்றி அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, தடைகள் அப்படித் தானாக நீங்கா என்று அதை மாற்றிவிட்டது. நம் உத்தரவில் எழுதியிருக்கும் காலமும் நிபந்தனையுமே நம்மைக் கட்டுப்படுத்தும். ஆகவே உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, தெரிந்த மொழியில் ஒருவரைப் படித்து விளக்கச் சொல்லி, தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனின் மேல்முறையீட்டில் வரவு வைக்கப்படாத லோடுகளில் பெரும்பகுதியை மாவட்ட நீதிமன்றம் ஏற்று, அசலை 5,20,000 ரூபாயாகக் குறைத்தது. வைப்பில் இருந்த பணம் வட்டியோடு அதற்குப் போக, மீதியை அண்ணன் கட்டினார். எதிர்த்தரப்பு முழுத் தொகையும் கிடைத்ததாக எழுதிக் கொடுத்தது. அதோடு வேலை முடிந்துவிடவில்லை. அண்ணியின் தம்பி கொடுத்த பிணைப் பத்திரத்தை ரத்து செய்யவும், அவருடைய மூல ஆதாரத்தை (மனையின் அசல் பத்திரத்தை) திரும்பப் பெறவும் தனி மனு போட வேண்டியிருந்தது. யாரும் தாமாக அதை எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அந்த உத்தரவின் நகலைக் கிராம அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கொடுத்து, புதிதாக வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்து, அந்த மனையின் மேல் எதுவும் பாக்கி இல்லை என்பதை உறுதி செய்த பிறகே ஆதாரத்தை அவர் கையில் கொடுத்தோம்.